உன்ர ஆள்

ஒல்டன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
காலை ஐந்தே முக்கால்.
ஒரு படுக்கைவிரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும்,
ஒரு நடிகரைக் கிழிக்கவும்.

நேசமலர் இரண்டு முனையைப் பிடிக்கிறாள்,
பிலோமினா மற்ற இரண்டை.
இழுத்து, உதறி, எட்டி வைத்துக் கிட்ட வந்து
முனையோடு முனை சேர்க்கும்போது
முகத்துக்கு நேரே:
"உன்ர ஆளுக்கு அழத் தெரியுமோடி?"
பின்னால் போகும்போது பதில் இல்லை.
அடுத்த விரிப்பில் கிட்ட வரும்போதுதான்:
"உன்ர ஆளுக்கு நிப்பாட்டத் தெரியுமோ?"

நேசமலரின் ஆள்
கன்னத்துக்கு ஒரு நடிப்பு, காதுக்கு ஒரு நடிப்பு வைத்திருந்தவர்.
தாய் செத்த செய்தி வந்தால்
முதலில் புருவம் கேட்கும், பிறகு தாடை,
கடைசியில்தான் தொண்டை.
"காசு குடுத்து வந்தவனுக்குப்
பின் வரிசை வரைக்கும் அழுகை போகவேணும்.
மன்னார்த் தியேட்டரில ஃபான் போட்ட சத்தம்
உனக்குத் தெரியாது."

பிலோமினாவின் ஆள்
ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.
கமெராவுக்குக் கிடைப்பது முதுகும்
சட்டையில் ஒரு மடிப்பும்.
"அந்த மடிப்பு நடுங்கினதைப் பாத்தனியோ?"
"அது காத்து."
"காத்தில்லை."
"அப்ப சட்டை நல்லா நடிச்சிருக்கு.
ஒரு பட்டமாவது குடுத்தவையோ அவருக்கு?"
"பட்டம் நாங்கள் தைப்பொங்கலுக்கு ஏத்துறது."

நான் நீராவி உருளைக்கு விரிப்பு ஊட்டுகிறவள்.
எனக்கும் ஒரு ஆள் உண்டு.
எல்லாப் படத்திலும் டொக்டராக வருவார்.
கண்ணாடியைக் கழற்றுவார்,
"எதுக்கும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்பார்,
பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.
அவர் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான்
பெரியவர்கள் அழவே தொடங்குவார்கள்.
எழுத்து ஓடும்போது பெயர் வராது.
ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.
அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

மேற்பார்வைப் பெண்ணின் குடும்பப்பெயர் அம்மான்.
நாங்கள் அம்மன் என்போம்.
கண்ணாடிக் கதவைத் திறந்து அம்மன் கேட்டாள்:
என்ன சண்டை, காசா, புருஷனா?
"நடிகர்கள்" என்று ஜெர்மனில் சொன்னேன்.
உயிரோடு இருக்கிறார்களா?
இல்லை.
பிறகு எதற்கு?
அதற்கு என்னிடம் இருந்த ஜெர்மன் போதவில்லை.

போன மார்கழி. கதவடியில் பனி.
நேசமலர் வழக்கம்போல்,
"முதுகைக் காட்டி அழுறவனை எவனடி நம்புவான்?"

பிலோமினா முனையை விடவில்லை.
விரிப்பு தொய்யாமல் இழுபட்டு நின்றது.
"ஒருத்தரும் நம்பேல்லைத்தான்" என்றாள்.
"பாசலில விசாரணை. தம்பியைக் கொண்டுபோனதைச் சொன்னன்.
திகதி, நேரம், வாகனத்தின்ர நிறம்.
கச்சேரியில படிவம் நிரப்புற மாதிரிச் சொன்னன்.
முடிவுக் கடிதத்தில எழுதியிருந்தவை:
உணர்ச்சி தெரியவில்லை, நம்பத்தகுந்ததாக இல்லை."

அப்பீலில் என்ன செய்தாள் என்று
அவள் சொல்லவில்லை.
ஆனால் இங்கே இருக்கிறாள்,
பதினேழு வருடமாக,
இந்த விரிப்பின் மறுமுனையில்.

நான் ஊட்ட மறந்தேன்.
உருளை வெறும் சூட்டை உருட்டிக்கொண்டிருந்தது.
நேசமலரின் புருவம் முதலில் அசைந்தது,
பிறகு தாடை.
அதற்கு மேல் போகவில்லை.
எட்டி வைத்துக் கிட்ட வந்தாள்,
முனையோடு முனை வைத்தாள்,
வசனம் இல்லாமல் திரும்பிப் போனாள்.

தலையணை உறைகள் நாற்பது போயிருக்கும்.
"எண்டாலும்" என்றாள்,
"உன்ர ஆளுக்கு ஓட வராது.
வில்லனைத் துரத்தேக்கையும்
பஸ்ஸைத் தவறவிட்ட வாத்தியார் மாதிரி."

பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
வெள்ளைச் சீருடை. முதுகில் ஒரு மடிப்பு.
சிரிக்கிறாளா என்று
என் இடத்திலிருந்து தெரியவில்லை.
கண்ணாடியில் நீராவி.
கழற்றித் துடைத்தேன்.